பணம் கட்டும் முன் அந்தத் தாளைப் படியுங்கள்



போன ஞாயிற்றுக்கிழமை இங்கே சிங்கப்பூரின் தேக்காவில் நம் ஊர்ப் பையன் ஒருவனைப் பார்த்தேன். வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. ஏஜென்ட் சொன்ன சம்பளத்தில் பாதிதான் கைக்கு வருகிறது என்றான். “வேலை அனுமதிக் கடிதத்தில், அந்த ஐபிஏ-வில், என்ன போட்டிருந்தது தம்பி?” என்று கேட்டேன். “அதை நான் பார்க்கவே இல்லைண்ணே” என்றான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

2014-இல் நானும் அப்படித்தான் வந்தேன். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து, மாமாவிடம் கைமாற்று வாங்கி, ஏஜென்டிடம் இரண்டு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் கட்டினேன். மாதம் முப்பத்தைந்தாயிரம் வரும் என்றார்கள். இங்கே வந்தபின் தெரிந்தது, ஒரு நாளைக்கு 18 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். ஞாயிறு போக மாதம் முழுக்க ஓடினாலும் 468 வெள்ளி. அன்றைய கணக்கில் இருபத்திரண்டாயிரம் ரூபாய் சொச்சம். சங்கிலியை மீட்க இரண்டு வருடம் ஆயிற்று. அந்தச் சம்பளத் தொகை நான் விமானம் ஏறுவதற்கு முன்பே ஒரு தாளில் அச்சாகி இருந்தது. படிக்கக் கேட்காதது என் தவறு. கொடுக்காமல் வைத்துக்கொண்டது அவர்கள் செய்த துரோகம்.

அந்தத் தாளைத்தான் ‘ஐபி வந்துருச்சு’ என்று ஊரே கொண்டாடுகிறது. வொர்க் பெர்மிட்டுக்கு நாம் யாரும் விண்ணப்பிக்க முடியாது. கம்பெனியோ அதன் சார்பில் உரிமம் பெற்ற ஏஜென்சியோதான் சிங்கப்பூர் மனிதவள அமைச்சுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அமைச்சு சம்மதித்தால் வருகிற கடிதம் ஐபிஏ. அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் எல்லாம் அதில் வரிவரியாக இருக்கும். தொழிலாளிக்குப் புரியும் மொழியில் ஒரு பிரதியை, அவர் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே அனுப்ப வேண்டும் என்பது இங்குள்ள விதி. தமிழ் இந்த நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று. நம் பிள்ளைகளுக்கு வரும் பிரதி தமிழிலேயே வரும். எட்டாம் வகுப்பு படித்தவன்கூட வாசித்துவிடலாம். கடிதம் உண்மையானதா என்று அமைச்சின் இணையதளத்தில் காசில்லாமல் சரிபார்க்கவும் முடியும்.

“உனக்காகக் கம்பெனி லெவி கட்டுகிறது, ஐயாயிரம் வெள்ளி பாண்டு கட்டுகிறது, அதனால்தான் இவ்வளவு கேட்கிறோம்” என்று ஏஜென்ட் சொல்வார். அரசுக்குச் செலுத்தும் லெவியும் பிணைத்தொகையான பாண்டும் முதலாளி தலையில் விழுகிற செலவு. அதைத் தொழிலாளியிடம் வசூலிக்கக்கூடாது. வேலை கொடுப்பதற்காக முதலாளி நம்மிடம் பணம் வாங்கினால் 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும் சேர்த்து உண்டு. இங்குள்ள ஏஜென்சி வாங்கக்கூடிய கட்டணத்துக்கும் வரம்பு இருக்கிறது: ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதம். நம் நாட்டில் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. பதிவு பெற்றவரா என்று இந்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பெயரைத் தேடினால் தெரிந்துவிடும். நாம் கட்டுகிற லட்சங்களை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

“முதலில் டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்” என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். சுற்றுலா அனுமதியில் வந்து வேலை செய்வது இங்கே குற்றம். பிடிபட்டால் தண்டனை பையனுக்கும்தான். 2022-இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மியான்மரின் மியாவாடியில் மோசடிக் கும்பலிடம் சிக்கிய கதையை மறந்துவிடாதீர்கள்.

பெற்றவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பக்கத்து வீட்டுப் பையன் போய்விட்டான் என்று உங்கள் பையனை அவசரப்படுத்தாதீர்கள். ‘இன்னும் பாஸ் வரலியா’ என்று டீக்கடையில் நாலு பேர் கேட்கிற கேள்விக்குப் பயந்துதான் பல பேர் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். நானும் அந்தப் பயத்தில்தான் போட்டேன். கல்லூரிக்குப் போகிற பெண்பிள்ளைகள் நம் தெருவில் எத்தனை பேர்! அண்ணன்மார்களின் ஐபிஏ-வை உட்கார்ந்து படித்துச் சொல்லும் வேலையை அவர்களிடம் கொடுங்கள்.

பங்குனித் திருவிழாவுக்கு வருகிறேன். அதற்குள் யாருக்காவது ஐபிஏ வந்தால், பணம் கட்டும் முன் எனக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். என் நம்பர் அம்மாவிடம் இருக்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அறையில்தான் இருப்பேன்.