மழைக்காலத்திலும் ஒருமுறை போய்ப் பாருங்கள்



"ஓய்வு பெற்றதும் கையில் கொஞ்சம் பணம் வரும். குளிர்ச்சியான வெளிநாட்டு மலையூரில் சின்னதாக ஒரு காபித் தோட்டம் வாங்கிப் போடலாமா?" என்று கேட்டு அவ்வப்போது கடிதங்கள் வருகின்றன. அவற்றில் அடிக்கடி தென்படும் பெயர் போகெட்டே. பனாமா நாட்டின் மேற்கே, சிரிகி மாகாணத்தில், பாரு எரிமலையின் கிழக்குச் சரிவை ஒட்டிய ஊர் அது.

பார்க்கப் போகிறவர்களை ஊர் ஏமாற்றாது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம். நடுவே கால்டெரா ஆறு. டாவிட் நகரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஜனவரியில் ஆற்றங்கரையில் மலர், காபித் திருவிழா நடக்கும். 'பஹாரெக்கே' என்று ஊர்க்காரர்கள் சொல்லும் ஒரு சாரல் உண்டு. குடை பிடிக்கவும் தோன்றாது, பிடிக்காவிட்டால் சட்டை மெல்ல நனைந்துவிடும். வெயிலும் சாரலும் சேர்ந்தே வருவதால் பட்டப்பகலில் வானவில் தெரிவது அங்கே சாதாரணம். பாருவின் உச்சி சுமார் 3,475 மீட்டர். நள்ளிரவில் ஏறத் தொடங்கி விடியலில் உச்சியை அடைகிறவர்களுக்கு, மேகம் விலகி நின்றால், ஒரு பக்கம் பசிபிக்கும் மறுபக்கம் கரீபியனும் தெரியும்.

ஊருக்கு உலகப் புகழ் வாங்கித் தந்தது கெய்ஷா காபி. எத்தியோப்பியக் காடுகளிலிருந்து 1930களில் எடுக்கப்பட்ட விதை, தான்சானியா வழியாகக் கோஸ்டா ரிக்காவுக்கு வந்து, 1960களில் பனாமாவில் ஊன்றப்பட்டது. காய்ப்பு குறைவு என்பதால் அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. எஸ்மரால்டா தோட்டத்துப் பீட்டர்சன் குடும்பத்தினர் ஒவ்வொரு பகுதியின் கொட்டையையும் தனித்தனியே வறுத்து, காய்ச்சி, சுவைத்துப் பார்த்தபோதுதான் மல்லிகை மணமும் எலுமிச்சைப் புளிப்பும் கொண்ட அந்தக் காபி தனித்துத் தெரிந்தது. 2004 பனாமா காபிப் போட்டியில் அது முதலிடம் பெற்றது; ஏலத்தில் ஒரு பவுண்டு 21 டாலருக்குப் போனது. 2025 ஏலத்தில் அதே தோட்டத்துக் கெய்ஷா கிலோ 30,204 டாலர் என்று சாதனை படைத்தது.

நிலம் விற்கிறவர்கள் முதலில் நீட்டுவது இந்தக் கடைசி எண்ணைத்தான். அது இருபதே கிலோ கொண்ட ஒரு சிறு பங்குக்குக் கிடைத்த விலை என்பதைச் சொல்லமாட்டார்கள். கன்று நட்டு மூன்று நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டும். கெய்ஷாவின் முழு மணமும் வர இன்னும் உயரமான நிலம் வேண்டும். அதற்கும் மேலாக, நல்ல கைகள் வேண்டும்.

அந்தக் கைகள் பெரும்பாலும் நோபே பழங்குடியினருடையவை. அறுவடைக் காலத்தில் குடும்பம் குடும்பமாகத் தங்கள் பகுதியிலிருந்து வந்து இறங்குகிறார்கள். இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு, வழுக்கும் சரிவில் காலை ஊன்றி, ஒரே கொத்தில் பச்சைக் காயை விட்டுவிட்டுக் கனிந்ததை மட்டும் திருகி எடுக்கிறார்கள். இரண்டு காய் தவறி விழுந்தாலும் கோப்பையில் துவர்ப்பு ஏறிவிடும் என்பதால் அதே செடிக்குப் பல முறை திரும்பி வர வேண்டியிருக்கிறது. கூலியோ டின் அளவில். தோட்டத்தில் பணம் போட நினைக்கிறவர்கள் விலைப் பட்டியலைப் புரட்டும் முன், பறிக்க வருகிறவர்கள் தங்கும் லயத்தையும் குடிநீரையும் போய்ப் பாருங்கள். அவர்கள் அடுத்த ஆண்டும் திரும்பி வரும் தோட்டம்தான் நிலைக்கும்.

சட்டம் வெளிநாட்டவருக்கு அனுகூலமாகவே இருக்கிறது. அமெரிக்க டாலரே அங்கு புழங்குகிறது. மாதம் 1,000 டாலர் வாழ்நாள் ஓய்வூதியம் உள்ளவர்கள் வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் நிலத்தில் இரண்டு வகை உண்டு: பொதுப் பதிவகத்தில் பட்டா ஏறிய நிலம், வெறும் அனுபோக உரிமை மட்டும் உள்ள நிலம். இரண்டாவது மலிவாகக் கிடைக்கும், வில்லங்கமும் அதில்தான். விற்பவருடைய வக்கீல் வேண்டாம், உங்களுக்கென்று ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் வசிப்பவர்கள் ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரைதான் வெளியே அனுப்ப முடியும் என்பதும் நினைவிருக்கட்டும்.

எரிமலையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை, மறக்கவும் கூடாது. பல நூற்றாண்டுகளாக அது வெடிக்கவில்லை. ஆனாலும் 2006இல் அதன் அடியில் தொடர் நிலநடுக்கங்கள் பதிவாயின. அன்றாடக் கவலை மழைதான். 2020 நவம்பரில் ஈட்டா புயலின் மழை சிரிகி மலைப்பகுதியில் வெள்ளத்தையும் மண்சரிவையும் கொண்டுவந்தது.

ஆகவே ஒரு யோசனை. டிசம்பர் முதல் ஏப்ரல் வரையிலான வறண்ட பருவத்தில் எல்லா மனையும் அழகாகத்தான் இருக்கும். அக்டோபரில் போங்கள். வாடகைக்கு வீடு எடுத்துச் சில மாதம் இருங்கள். பாதை எங்கே அறுகிறது, ஓடை எங்கே ஏறுகிறது, மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம் என்று பாருங்கள். சந்தையில் ஸ்பானிய மொழியில் பேரம் பேசிப் பாருங்கள். அதன் பிறகும் ஊர் பிடித்திருந்தால் அட்வான்ஸ் கொடுங்கள். பிடிக்கவில்லை என்றாலும் நஷ்டமில்லை. நல்ல காபி குடித்த கணக்கில் சேரும்.

அன்புடன்,
ஆசிரியர்