நீடித்த உத்தரவாதம்: வன்னியில் நடக்கும் பகற்கொள்ளை

பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகளைக் கழித்தவன், உடன்படிக்கைகளின் சிறிய எழுத்துகளை வாசித்து அமைச்சர்களைக் கேள்வி கேட்டவன், ஒரு தொலைக்காட்சிப் பெட்டியின் உத்தரவாத அட்டையை வாசிக்காமல் ஏமாந்தான் என்றால் நம்புவீர்களா? ஏமாந்தவன் வேறு யாருமல்லன், நானேதான்.

2021 மார்கழியில் கிளிநொச்சி உருத்திரபுரத்தில் இருக்கும் என் அக்கா ஒரு 32 அங்குலப் பெட்டி வாங்கக் கடைக்குப் போயிருந்தார். விலை 64,000 ரூபா. முற்பணத்தை நான் ரொறொன்ரோவிலிருந்து அனுப்பியிருந்தேன். மிகுதி மாதத் தவணை. கடையில் நின்றபடியே தொலைபேசியில் என்னிடம் கேட்டார்.

"தம்பி, இன்னும் ஏழாயிரத்து ஐந்நூறு கட்டினால் ஒரு வருச வொறன்ரியை மூன்று வருசமாக்கித் தருவினமாம். போடட்டோ?"

"போட்டு எடுங்கோ அக்கா, பிறகு ஒரு யோசனையும் இல்லை" என்றேன். நான் சொன்ன அதே வசனத்தைத்தான் விற்பனைப் பெடியனும் அவரிடம் சொல்லியிருக்கிறான் என்பதைப் பின்னர் அறிந்தேன். அந்த 7,500 ரூபாவும் தவணைக் கணக்கில் சேர்க்கப்பட்டு, அதற்கும் வட்டி விழுந்து, ஈற்றில் பத்தாயிரத்தை நெருங்கியது. உத்தரவாதத்துக்கு வட்டி கட்டிய குடும்பம் எங்கள் குடும்பம்!

2023 ஐப்பசியில் இடி விழுந்தது. வீட்டில் எவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பெட்டி மட்டும் வாயை மூடிக்கொண்டது. உத்தரவாதம் இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது. கடைக்காரர் அட்டையை வாங்கிப் பார்த்தார். "இடி மின்னல் இதுக்குள்ள வராது அம்மா" என்றார். அவ்வளவுதான்.

அதன் பின்னர்தான் அந்த அட்டையைப் படமெடுத்து அனுப்பும்படி கேட்டு நான் வாசித்தேன். முழுவதும் ஆங்கிலம். வன்னியில் வாழும் அறுபத்தெட்டு வயதுப் பெண்ணொருவரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் ஒரு தமிழ்ச் சொல்தானும் இல்லை. விலக்குகளின் பட்டியல் நீண்டது. மின்னல் விலக்கு. மின் அழுத்த ஏற்றத்தாழ்வு விலக்கு. பூச்சி, பல்லி, எறும்பு, எலி ஆகியவற்றால் வரும் சேதம் விலக்கு. வெள்ளம் விலக்கு. திரை உடைவு விலக்கு. இவற்றுக்கும் கீழே, போர், கலகம், உள்நாட்டுக் குழப்பம் என்பனவும் விலக்கு. அந்த வரியில் சற்று நேரம் நின்றுவிட்டேன்.

அக்காவின் முந்திய பெட்டி 2003 இல் வாங்கியது; ஏ9 பாதை திறந்த புதிதில் வவுனியாவிலிருந்து ஏற்றி வந்தது. 2008 இன் கடைசியில் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டபோது அதை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றித் தருமபுரம் வரை கொண்டுபோனார்கள். பிறகு விசுவமடு. அங்கே அதைப் பொலித்தீனில் சுற்றிக் கிடங்கு வெட்டித் தாட்டார்கள், திரும்பி வந்து எடுக்கலாம் என்று. 2010 இல் மெனிக் பாமிலிருந்து திரும்பி வந்தபோது கிடங்கும் இல்லை, பெட்டியும் இல்லை, வீட்டுக்குக் கூரையும் இல்லை. இப்படிப்பட்ட ஊரில் ஒருவரிடம் "யோசனையில்லாமல் இருக்கலாம்" என்று சொல்லி எதை விற்றாலும் அவர் வாங்குவார். அந்த ஏக்கத்துக்குத்தான் விலை வைக்கிறார்கள் என்பதே என் முதற் குற்றச்சாட்டு.

நிற்க. உணர்ச்சியை ஒருபுறம் வைத்துவிட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

மின்னணுப் பொருட்கள் பழுதாகும் விதத்தைப் பொறியியலாளர்கள் ஒரு வளைவாக வரைவார்கள். குளியல் தொட்டியின் குறுக்குவெட்டைப் போன்றது அது. தொடக்க மாதங்களில் பழுது அதிகம். தயாரிப்புக் குறைகள் அப்போதே வெளிப்பட்டுவிடும். பிறகு பல ஆண்டுகள் தரை மட்டமாகக் கிடக்கும். மூப்பு வந்ததும் மறுபடி ஏறும். முதல் மேட்டுக்குத் தயாரிப்பாளரின் இலவச உத்தரவாதம் இருக்கிறது. கடைசி மேடு வருவதற்குள் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய உத்தரவாதம் முடிந்துவிடும். அந்தத் தரை மட்டமான இடைக்காலத்தைத்தான் உங்களுக்கு விற்கிறார்கள். பழுது மிகக் குறைவாக நிகழும் ஆண்டுகளைத் தேடிப் பொறுக்கியெடுத்துக் காப்புறுதி விற்பவனை வியாபாரி என்பதா, சோதிடன் என்பதா?

ஒரு பெட்டியின் மின்வழங்கிப் பலகையைத் திருத்த 15,000 ரூபா செல்லும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். உத்தரவாதத்தின் விலை 7,500. அப்படியானால் விற்கும் இரண்டு பெட்டிகளில் ஒன்று அந்த இரண்டு ஆண்டுகளுக்குள், அதுவும் விலக்குப் பட்டியலில் இல்லாத காரணத்தால் பழுதானால்தான் வாங்குபவருக்குக் கணக்கு நேராகும். இரண்டில் ஒன்று பழுதாகும் பெட்டியென்றால் அதைக் கடையில் வைத்திருப்பதே தவறு. அப்படிப் பழுதாகாது என்பது விற்பவருக்கு நன்றாகத் தெரியும்.

வன்னியில் தொலைக்காட்சிப் பெட்டிகள் எதனால் சாகின்றன? இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடி மின்னல் கொட்டும் நிலம் அது. வெட்டவெளியில் நிற்கும் வீடு, அதன்மேல் உயரமான குழாயில் அன்ரனா அல்லது கூரையில் தட்டு. மின்னல் வருவதற்கு இரண்டு வழிகளைத் திறந்து வைத்திருக்கிறோம். ஒன்று மின்கம்பி, மற்றது அன்ரனா வயர். அடுத்தது வோல்ற்றேஜ். மின்மாற்றியிலிருந்து தூரத்தில் இருக்கும் வீடுகளில் மாலையில் விளக்கு மங்கும். மின்சாரம் நின்று திரும்பி வரும்போது பாய்ச்சலோடு வரும். 2022 பங்குனிக் கடைசியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஒவ்வொரு வெட்டும் திரும்பி வருகையும் பெட்டிக்கு ஓர் அடி. 2025 மாசி 9 ஆம் திகதி பாணந்துறை உபநிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததால் இலங்கை முழுவதும் இருளில் மூழ்கியது என்று மின்சக்தி அமைச்சரே கூறினார். (குரங்கும் விலக்குப் பட்டியலில் இருக்கிறதா என்று அக்காவின் அட்டையை மறுபடி பார்த்தேன். பெயர் சொல்லி இல்லை. "விலங்குகள்" என்று இருக்கிறது.) பிறகு தூசி, வெக்கை, பின்பக்கத் துவாரங்களில் குடியேறும் எறும்பு, பல்லி.

இந்தப் பட்டியலையும் அட்டையிலுள்ள விலக்குப் பட்டியலையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எது எதனால் பழுதாகுமோ அது அது விலக்கு. எதனால் பழுதாவது அரிதோ அதற்கு மட்டும் உத்தரவாதம். நனையாத நாட்களில் மட்டும் விரிக்கத் தரும் குடை இது.

இனி 2022 இன் இன்னொரு பாடம். அவ்வாண்டின் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபா. வைகாசிக்குள் 360 ரூபாவை எட்டியது. 2020 முதல் இருந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் சேர்ந்து கடைகளில் புதுப் பெட்டிகள் அருகின, உதிரிப்பாகங்கள் கிடையாமற் போயின. அவை 2023 இல்தான் படிப்படியாகத் தளர்ந்தன. "பழுது திருத்தித் தருவோம், இயலாவிடின் வாங்கிய விலையிலிருந்து தேய்மானம் கழித்துத் தருவோம்" என்று அக்காவின் அட்டை சொல்கிறது. 64,000 ரூபாவில் தேய்மானம் கழித்தால் வருவது 2023 இல் அரைப் பெட்டிக்கும் போதாது. நியாயத்துக்காக ஒன்று சொல்ல வேண்டும்: புதுப் பெட்டியே மாற்றித் தருவதாக எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் எவரிடமாவது இருந்து, விலக்கில்லாத பழுதும் அந்த நாட்களில் வந்திருந்தால், அவர் இலாபமடைந்திருப்பார். மிகப் பெரிய திரையுள்ள பெட்டியென்றால், திரைப்பலகையின் விலை பெட்டியின் விலையை நெருங்குவதால், யோசிக்க இடமுண்டு. உருத்திரபுரத்தில் 32 அங்குலத்துக்கு அந்த யோசனை தேவையில்லை.

"வெளிநாடுகளிலும் இதைத்தானே விற்கிறார்கள்?" என்று கேட்பீர்கள். விற்கிறார்கள். ஆனால் அங்கு கடிவாளம் இருக்கிறது. பிரித்தானியாவின் போட்டி ஆணைக்குழு 2003 இல் இந்த வியாபாரத்தை ஆராய்ந்து, போட்டியின்றி மிகை இலாபம் அள்ளப்படுகிறது என்று கண்டது. 2005 முதல் அங்கே உத்தரவாதத்தின் விலையைப் பொருளின் விலையோடு சேர்த்துக் காட்ட வேண்டும். வாங்கியவர் 45 நாட்களுக்குள் மனம் மாறினால் முழுப் பணமும் திரும்ப வேண்டும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2010 ஆனி முதல், நீடித்த உத்தரவாதத்தை விற்க முன்னர், சட்டம் ஏற்கெனவே இலவசமாகத் தரும் உத்தரவாதம் ஒன்று உண்டு என்பதை வாய்மொழியாகவும் எழுத்திலும் வாடிக்கையாளருக்குச் சொல்லியாக வேண்டும். மொன்றியலில் வாழும் நம்மவர்க்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. அவர் காசு அனுப்பும் அம்மாவுக்கு இல்லை.

இலங்கையில் சட்டமே இல்லை என்று சொல்லமாட்டேன். 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது; விற்கும் பொருள் விற்பனைக்குரிய தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதிலே உண்டு. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை அமைந்தது. கொடுத்த உத்தரவாதத்துக்கு இணங்காத பொருளைப் பற்றி அதனிடம் முறையிடலாம். ஆனால் 13 ஆம் பிரிவைப் பாருங்கள்: விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டுமாம்! அக்காவின் நீடித்த உத்தரவாதம் தொடங்கியதே விற்பனை நடந்து பன்னிரண்டு மாதங்களின் பின்னர். அதாவது, அது உயிர் பெற முன்னரே அதைப் பற்றி முறையிடும் காலம் செத்துவிட்டது. இந்த ஓட்டையை அடைக்க ஒரு திருத்தம் போதும். நமது நாடாளுமன்ற உறுப்பினர்கள் எவரேனும் இதைப் படிப்பாராயின், கேள்வி நேரத்தில் ஐந்து நிமிடம் இதற்காக ஒதுக்கலாம். உத்தரவாத அட்டை வாங்குபவரின் மொழியில் இருக்க வேண்டும் என்பதையும், அதன் விலையைத் தவணைக் கடனோடு சேர்த்து வட்டி அறவிடக்கூடாது என்பதையும் சேர்த்தே கேட்கலாம்.

போர் முடிந்த கையோடு பாடசாலைக் கூரைகளுக்கு முன்னரே ஏ9 வழியாக வந்து இறங்கியவை தவணைக் கடைகளும் கடன் நிறுவனங்களும் என்பதை அங்கிருந்தவர்கள் அறிவார்கள். 2018 இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசே தள்ளுபடி செய்யும் நிலை வந்தது. நீடித்த உத்தரவாதம் அந்தப் பெரிய நோயின் ஒரு சிறு கொப்புளம். சிறிது என்பதால்தான் எவரும் எழுதுவதில்லை.

அக்காவின் பெட்டி என்னவாயிற்று? கரடிப்போக்குச் சந்திக்கு அருகில் ஒருவர் பழுது பார்க்கிறார். தொண்ணூறுகளில், பற்றரி தடை செய்யப்பட்டிருந்த காலத்தில், சைக்கிள் டைனமோவில் வானொலி ஓட்டிப் பழகியவர். கலியாண வீடுகளுக்கு ஜெனரேற்றர், டெக், பெட்டி மூன்றையும் வாடகைக்குக் கொண்டுபோய்ப் படம் போட்டவர். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, மின்வழங்கிப் பலகையில் இரண்டு கப்பாசிற்றர்களும் வேறு இரண்டு சிறு பாகங்களும் எரிந்திருப்பதாகச் சொன்னார். மறுநாள் மாலை பெட்டி ஓடியது. கூலியோடு 6,500 ரூபா. உத்தரவாதத்தின் விலையை விட ஆயிரம் ரூபா குறைவு, வட்டியும் இல்லை!

அவரிடம் தொலைபேசியில் பேசினேன். பெட்டி நீடிக்க என்ன செய்யலாம் என்று கேட்டேன். "அண்ணை, இடி முழங்கினால் பிளக்கையும் கழற்றுங்கோ, அன்ரனா வயரையும் கழற்றுங்கோ. பிளக்கை மட்டும் கழற்றிப்போட்டு வயரை விட்டிட்டு வாறவைதான் கனபேர்" என்றார். வீட்டின் நிலக்கம்பி சரியாக இருக்கிறதா என்று மின் வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு பார்க்கச் சொன்னார். திரையின் பின்னொளியை முழு அளவில் வைக்காமல் குறைத்து வைத்தால், அதிலுள்ள எல்ஈடி விளக்குகள் கூடுதல் காலம் உழைக்கும் என்றார். நல்ல ஸ்ரெபிலைசர் ஒன்றை வாங்கும்படியும் சொன்னார். அதை வாங்கினோம். நான் அன்று "போட்டு எடுங்கோ" என்று சொன்ன பணத்துக்கு அதையே வாங்கியிருக்கலாம்.

ஆகவே, ஸ்காபரோவிலும் ஹரோவிலும் சூரிச்சிலும் இருந்து ஊருக்குப் பணம் அனுப்பும் அன்பர்களே, அடுத்த முறை கடையிலிருந்து அழைப்பு வரும்போது, "அட்டையைப் படமெடுத்து அனுப்புங்கோ, வாசித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். பெட்டி வாங்கி மூன்று மாதங்களுக்குள் பழுதானால் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து, எழுத்திலும் முறையிடச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டை எறிய விடாதீர்கள்; மை மங்கும் தாள் என்பதால் அதையும் படமெடுத்து வைத்திருங்கள்.

2024 கடைசியில், உத்தரவாதம் முடிகிறது, இன்னும் ஓராண்டுக்குப் புதுப்பிக்கலாம் என்று அக்காவுக்குக் கடையிலிருந்து அழைப்பு வந்ததாம்.

"இடியையும் சேர்த்துத் தருவியளோ தம்பி?" என்று அக்கா கேட்டிருக்கிறார். மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்வதாக அந்தப் பிள்ளை மரியாதையாகச் சொன்னதாம். இதுவரை அழைப்பு வரவில்லை.