குவைத்தின் தூசிக்கும் ஒரு விதி வேண்டும்



குவைத்தில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளை விசாரித்தால், "இங்க எப்பவும் தூசிதான் சார்" என்கிறார்கள். எப்பவும் இல்லை. தூசிக்கும் பருவம் உண்டு.

நவம்பர் முதல் ஜனவரி வரை தூசிப் புயல் குறைவு. மார்ச் முதல் மே வரை, இடிமழையோடு திடீரென்று புழுதிக் காற்று கிளம்பும். அந்த ஊர்க்காரர்கள் இதை 'சராயாத்' பருவம் என்பார்கள். 2011 மார்ச் 25 அன்று ஒரு தூசிச் சுவர் வந்து நகரையே மூடியது. சில நிமிடங்களில் பகல் இருண்டது. ஜூன், ஜூலையில் 'ஷமால்' என்ற வடமேற்குக் காற்று. ஈராக்கின் காய்ந்த சமவெளி மண்ணை வாரிக்கொண்டு வரும். சில சமயம் நாள்கணக்கில் ஓயாது. கடற்கரை நகரம்தானே, காற்று சுத்தமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஷமால் வருவது கடல் பக்கமிருந்து அல்ல, பாலைவனப் பக்கமிருந்து.

அங்கே ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை, காலை 11 மணியிலிருந்து மாலை 4 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கத் தடை இருக்கிறது. நல்ல விதி. ஆனால் அது வெயிலுக்கு வைத்த கணக்கு. தூசியோ மார்ச்சிலேயே வந்துவிடுகிறது. காலை ஏழு மணிக்கும் வரும்.

1 கிலோமீட்டருக்கு அப்பால் கண் தெரியாவிட்டால் அது தூசிப் புயல் என்பது வானிலைக் கணக்கு. அந்த அளவையே வைத்து, மாதமும் மணியும் பார்க்காமல் வெளி வேலையை நிறுத்த வேண்டும். அன்றைய சம்பளத்தையும் பிடிக்கக் கூடாது. இதுதான் என் கருத்து. "வேலை கெடுமே" என்பார்கள். அத்தனை மோசமான தூசி தினமும் வருவதில்லையே! 2022 மே மாதத்தில் தூசிக்காக விமானப் போக்குவரத்தையே ஒன்றுக்கு மேற்பட்ட முறை நிறுத்தினார்கள். விமானத்துக்குக் காட்டும் அக்கறையைச் சாரத்தில் நிற்கும் மனிதனுக்கும் காட்டலாம்.

அதுவரை, பிள்ளைகளே, முகத்தில் துண்டைக் கட்டினால் போதும் என்று இருக்காதீர்கள். நுண்ணிய தூசி துணியைத் தாண்டி நுரையீரல் வரை போகும். என்-95 முகக்கவசம் போடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலர் இல்லாமல் வெளியே போக வேண்டாம்.

ஊரில் இருப்பவர்களே, போனில் "சாப்பிட்டியா" என்று கேட்கும்போது, "மூச்சு வாங்குதா" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.