தொலைவும் மின்வழிக் கூலியும்

எம்.ரெட்டியபட்டியைச் சூழ்ந்த கரிசற் காட்டில் மழை அரிது. வெயிலோ குறைவின்றி உண்டு. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்தார்க்கு நெடுங்காலம் வறுமைக்குக் காரணமாய்த் தோன்றிய அவ்வெயிலே இன்று பொருளாகின்றது. அண்மையிலுள்ள கமுதியைச் சார்ந்த செங்கப்படையில், 2016ஆம் ஆண்டில் ஏறக்குறைய 2,500 ஏக்கர் நிலத்தில் 648 மெகாவாட் ஆற்றலுள்ள சூரிய மின்நிலையம் அமைந்தமை யாவரும் அறிந்ததே. இத்தகைய நிலையங்களிலிருந்து தொலைவிலுள்ள ஆலைகள் மின்சாரம் பெறுங்கால், பொது மின்வழிக்கு எவ்வளவு கூலி கொள்ளுதல் முறையாகும்? இதனைச் சிறிது ஆராய்வாம்.

நம் மாநில மின்வழிகளில் இக்கூலி அஞ்சலட்டையின் விலையைப் போன்றது. ரெட்டியபட்டியிலிருந்து அருப்புக்கோட்டைக்கு எழுதினும் சென்னைக்கு எழுதினும் அட்டையின் விலை ஒன்றேயன்றோ? அவ்வாறே மெகாவாட் கணக்கிற் கூலி கொள்ளப்படுகின்றது, தொலைவு கணக்கிடப்படுவதில்லை. பிரிட்டனிலோ வழக்கு வேறு. ஸ்காட்லாந்தின் வடபாலுள்ள காற்றாலைகள் மிகுந்த கட்டணம் செலுத்த, தென் இங்கிலாந்தின் நிலையங்கள் குறைவாகவே செலுத்துகின்றன. நம் நாட்டிலும் 2006ஆம் ஆண்டின் கட்டணக் கொள்கை, தொலைவையும் திசையையும் கருதவேண்டும் என்று கூறிற்று. 2011 முதல் மாநிலங்களுக்கிடையே செல்லும் மின்வழிகளில் அக்கருத்து நடைமுறைக்கு வந்தது.

விருதுநகருக்கு மிளகாய் மூட்டை கொண்டுசெல்வோன் தொலைவுக்கேற்ப வண்டிக்கூலி கொடுக்கின்றானே, மின்சாரத்திற்கு மட்டும் வேறு நீதியோ என வினவுவார் உளர். அவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. கோபுரமும் கம்பியும் பெரும்பொருட் செலவில் அமைவன. நெடுவழியில் மின்சாரம் ஓரளவு வீணாதலும் உண்மையே. ஆயின் மூட்டை குறித்த கடைக்கே சென்று சேரும். மின்சாரமோ ஏட்டில் எழுதிய வழியே செல்வதன்று. பெரும்பாலும் அருகிலுள்ள தேவையையே நிறைக்கின்றது. அன்றியும், தொலைவுக்கேற்பக் கூலி கொள்வதன் நோக்கம், நிலையங்களை நகருக்கு அண்மையில் அமைக்கத் தூண்டுதலாம். நிலக்கரியைக் கப்பலேற்றி எண்ணூருக்குக் கொணரலாம். கரிசல் வெயிலை அங்ஙனம் கொணர இயலுமோ? இடம்பெயர இயலாததற்கு அத்தூண்டுகோல் தண்டனையாகவே முடியும்.

எனினும், கூலியை அறவே நீக்குதலும் முறையன்று. 2025 ஜூன் 30ஆம் நாளுக்குள் இயங்கத் தொடங்கிய சூரிய, காற்று நிலையங்களின் மின்சாரத்திற்கு, மாநிலங்களுக்கிடையிலான வழிக்கூலி முழுதும் விலக்கப்பட்டது. இளந்தொழிலை வளர்த்தற்கு அது உதவிற்று. ஆனால், விலக்கிய கூலி மறைந்தொழிவதில்லை. பிறர்மேற் சுமையாய் ஏறுகின்றது. ஆதலின் அச்சலுகையைப் பின்வரும் நிலையங்களுக்கு ஆண்டுதோறும் கால்பங்காகக் குறைக்க விதித்தமை தக்கதே.

ஆகவே, கூலி கொடாது செல்லுதலும் வேண்டா. தொலைவுபற்றித் தண்டித்தலும் வேண்டா. யாவரும் ஒரு விலை கொடுக்கும் அஞ்சலட்டை முறையே நன்று. வானம் பொய்க்கும் நிலத்திற்கு வெயில் அளித்த வாய்ப்பை, நகருக்குச் சேய்மையிலுள்ளது என்னும் ஒன்றே பற்றிக் குறைத்தல் அறமாகாது என்பது எமது துணிபு.