ஏழு மணிக்கு யாருக்குக் காலை வணக்கம்?

தொலைக்காட்சியில் புதிதாக ஒரு காலை நிகழ்ச்சி ஆரம்பித்தால் முதல் வாரம் என்ன நடக்கும் என்பதை ஜோசியம் பார்க்காமலே சொல்லிவிடலாம். "பழசே நல்லா இருந்துச்சு" என்று நாலு பேர் சொல்வார்கள். "காலங்கார்த்தாலே அந்தப் பொண்ணு ஏன் இப்படிக் கத்துது?" என்று இன்னும் நாலு பேர். "அந்தப் புடவை எந்தக் கடை?" என்று விசாரிப்பவர்கள் தனி ரகம். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், திட்டிய அத்தனை பேரும் பல் விளக்கிக்கொண்டே அதே நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்!

இது தமிழ்நாட்டு வியாதி மட்டும் இல்லை. 1983-ல் பிரிட்டனில் இரண்டே வார இடைவெளியில் இரண்டு காலை நிகழ்ச்சிகள் ஆரம்பித்தன. ஜனவரி 17-ல் பிபிசி. பிப்ரவரி 1-ல் டிவி-ஏஎம் என்ற தனியார் நிறுவனம். டிவி-ஏஎம் பக்கம் டேவிட் ஃப்ராஸ்ட், மைக்கேல் பார்க்கின்சன் என்று பெரிய பெரிய தலைகள். நிறுவனத்தின் தலைவர் பீட்டர் ஜே, அமெரிக்காவில் தூதராக இருந்தவர். மக்களுக்கு உலக நடப்பை விளக்கப் போகிறோம் என்று கிளம்பினார்கள். பிபிசிக்காரர்களோ சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து, ராசிபலன் சொல்லி, உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்து, திரையின் ஓரத்தில் கடிகாரத்தைக் காட்டினார்கள். ஜனங்கள் எந்தப் பக்கம் போனார்கள்? சோபா பக்கம்தான். மார்ச்சிலேயே பீட்டர் ஜே பதவியை விட்டுப் போனார். கடைசியில் டிவி-ஏஎம்மைத் தூக்கி நிறுத்தியதில் பெரிய பங்கு ரோலண்ட் என்ற ஒரு எலிப் பொம்மைக்கு! மூழ்குகிற கப்பலை விட்டு எலி ஓடும் என்பார்கள், இங்கே எலி வந்து கப்பலைக் காப்பாற்றியது என்று அப்போது கேலி பேசினார்கள்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. காலை நிகழ்ச்சியை யாரும் "பார்ப்பது" கிடையாது. ஒரு கண் அடுப்பில், ஒரு கண் கடிகாரத்தில், மீதம் இருந்தால் திரையில். அந்த அவசரத்துக்குள் பொருந்துவது ஜெயிக்கும். பொருந்தாதது எவ்வளவு உயர்ந்த சரக்காக இருந்தாலும் தோற்கும்.

தமிழில் இதை முதலில் புரிந்துகொண்டது தொலைக்காட்சி இல்லை, வானொலி. தென்கச்சி கோ. சுவாமிநாதனின் 'இன்று ஒரு தகவல்' சென்னை வானொலியில் காலையில் வரும்போது ஊரே காது கொடுத்தது. சில நிமிடங்கள்தான். நிதானமான குரலில் ஒரு விஷயம், முடிவில் ஒரு சிரிப்பு. அவ்வளவே. இட்லியை வாயில் வைத்துக்கொண்டே கேட்கலாம். பின்னாளில் அவரே சன் டிவியில் காலையில் 'இந்த நாள் இனிய நாள்' சொன்னார். 2009-ல் அவர் மறைந்தபோது எத்தனையோ வீடுகளில் காலை நேரத்துச் சொந்தக்காரர் ஒருவர் போன மாதிரிதான் இருந்தது.

1993-ல் சன் டிவி வந்தது. 'வணக்கம் தமிழகம்' வந்தது. ஜெயா டிவியில் 'காலை மலர்' வந்தது. பக்திப் பாட்டு, ராசிபலன், குறள், ஒரு டாக்டர், ஒரு விருந்தினர் என்று ஒரு அச்சு உருவானது. பிறகு எந்தச் சேனல் புதிதாகக் காலை நிகழ்ச்சி ஆரம்பித்தாலும் ஏறக்குறைய அதே அச்சுதான். சோபாவின் நிறம் மாறும். டாக்டர் மாறுவார். நேயர் போன் செய்தால் "முதல்ல உங்க டிவி வால்யூமைக் குறைங்க" என்பது மட்டும் மாறாது.

அந்த அச்சுக்குள் ஒரு வீடு ஒளிந்திருக்கிறது. அந்த வீட்டில் அப்பா ஒன்பது மணி ஆபீசுக்குப் போவார். பிள்ளைகள் எட்டரைக்குப் பள்ளிக்கூடம் கிளம்புவார்கள். அம்மா ஏழு மணிக்குச் சமையலறையில் இருப்பார். இந்த மூன்றும் சரியாக இருந்தால்தான் "இனிய காலை வணக்கம்" என்ற வாசகத்துக்கே அர்த்தம்.

சரி, இப்போது ஸ்ரீபெரும்புதூருக்கு வரலாம்.

இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியது. அதன்பின் சுங்குவார்சத்திரம், மாம்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம் என்று தொழிற்சாலைகள் வரிசையாக நீண்டுவிட்டன. கார், பைக், லாரி, கண்ணாடி, செல்போன், டயர்... இங்கே தயாராகாத பொருள் குறைவு. பெரும்பாலான தொழிற்சாலைகளில் ஷிப்ட் முறை. காலை ஷிப்ட் ஆறு மணியை ஒட்டித் தொடங்கும் என்றால், காஞ்சிபுரத்திலும் வாலாஜாபாத்திலும் அரக்கோணத்திலும் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் நாலு, நாலரைக்கே ரோட்டுக்கு வந்துவிட வேண்டும். 'இனிய காலை வணக்கம்' சொல்லப்படும் நேரத்தில் அவர்கள் வேலையில் இறங்கி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

அதே ஏழு மணிக்கு வீட்டுக்குள் நுழைகிறவர்களும் உண்டு. இரவு ஷிப்ட் முடித்தவர்கள். கண் எரிகிறது, கால் வலிக்கிறது. டிவியைப் போட்டால் "புத்துணர்ச்சியோடு இந்த நாளைத் தொடங்குங்கள்" என்கிறது. அவர்களுக்கு நாள் அப்போதுதான் முடிந்திருக்கிறது! ஜன்னலைச் சாத்திப் போர்வையை இழுத்துக்கொள்கிறவருக்குச் சூரிய நமஸ்காரம் சொல்லிக் கொடுப்பதை என்னவென்று சொல்வது?

பெண்களுக்கு இந்தத் தலைகீழ்க் காலை புதிது. தொழிற்சாலைகள் சட்டத்தின் 66-வது பிரிவு, இரவு ஏழு மணியிலிருந்து காலை ஆறு மணிவரை பெண்களை ஆலை வேலையில் வைக்கக் கூடாது என்றது. அந்தத் தடை செல்லாது, தக்க பாதுகாப்பு இருந்தால் இரவிலும் வேலை செய்யலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000-ல் தீர்ப்பளித்தது. ஆறே வருடத்தில் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை வந்தது. ஆயிரக்கணக்கில் இளம்பெண்கள் வேலைக்கு வந்தார்கள். அதே 2006-ல்தான் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சியை வீடுவீடாகக் கொடுக்க ஆரம்பித்தது. வீட்டுக்குள் டிவி வந்த அதே வருடம், அதைப் பார்க்க வேண்டிய பெண் ஷிப்ட் பஸ்ஸில் ஏறிவிட்டாள். நோக்கியா ஆலை 2014-ல் மூடப்பட்டது. பஸ் நிற்கவில்லை, கம்பெனியின் பெயர்தான் மாறியது.

ஆக, புதிய காலை நிகழ்ச்சிக்கு இந்த வட்டாரத்தில் நேயர் வரவேற்பு எப்படி என்று கேட்டால் நேர்மையான பதில்: பாதிப் பேர் பார்க்கவே இல்லை, பார்த்தவர்களில் பலர் தூக்கக் கலக்கத்தில் பார்த்தார்கள்.

ஆனால் இந்தப் பதில் சேனலுக்குப் போய்ச் சேருமா? சேராது. ஏன் என்பதுதான் இங்கே முக்கியம்.

ஒரு காலத்தில் சென்னைத் தொலைக்காட்சி நிலையத்தில் 'எதிரொலி' என்று ஒரு நிகழ்ச்சி இருந்தது. நேயர்கள் எழுதிய கடிதங்களைப் படித்துப் பதில் சொல்வார்கள். திட்டும் கடிதங்களும் வரும். பதில் பல சமயம் மழுப்பலாகத்தான் இருக்கும், ஆனாலும் ஒரு அஞ்சலட்டை வைத்திருந்த யாரும் பேசலாம் என்ற நிலை இருந்தது. இன்று அந்த இடத்தில் ரேட்டிங் உட்கார்ந்திருக்கிறது. 2015 முதல் பார்க் என்ற அமைப்பு அதைக் கணக்கிடுகிறது. நாட்டில் டிவி இருக்கும் வீடுகள் ஏறக்குறைய 21 கோடி என்று அந்த அமைப்பே 2020-ல் சொன்னது. கருவி பொருத்தப்பட்ட வீடுகளோ சில பத்தாயிரங்கள். மாதிரிக் கணக்கு என்றால் அப்படித்தான் இருக்கும், அது தப்பு இல்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பாட்டிகள் கண்டுபிடித்த புள்ளியியல்தானே?

பிரச்சினை வேறு. அந்தக் கணக்கின் அலகு 'வீடு'. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் தமிழக அரசின் சிப்காட் ஒரு குடியிருப்பைத் திறந்தது. 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவு, 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கலாம். ஒரு சின்ன நகராட்சிக்குச் சமமான கூட்டம்! அது 'வீடு' இல்லை, விடுதி. படப்பையிலும் மாத்தூரிலும் ஒரே அறையில் ஆறு பேர் தங்கி, ஷிப்ட் மாற்றி ஷிப்ட் ஒரே பாயில் தூங்குகிறார்களே, அதுவும் இந்தக் கணக்கு நினைக்கிற 'வீடு' இல்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களின் காலைப் பொழுது செல்போனுக்குள் அவர்கள் மொழியிலேயே முடிந்துவிடுகிறது. பானையில் ஒரு சோறு எடுத்துப் பார்க்கலாம், சரி. ஆனால் பக்கத்தில் இன்னொரு பானை கொதிக்கிறதே, அதை யார் திறந்து பார்ப்பது?

பார்க்காவிட்டால் என்ன குடிமுழுகிப் போகும் என்று கேட்கலாம். 2021 டிசம்பரில் என்ன நடந்தது என்று நினைத்துப் பார்க்க வேண்டும். ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் சாப்பாடு விஷமானது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். கூட வேலை செய்தவர்கள் என்ன ஆனார்கள் என்று சரியான தகவல் கிடைக்காமல், சிலர் இறந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. பெண்கள் விடிய விடிய சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். இறப்பு என்பது உண்மை இல்லை என்பது பிறகுதான் அவர்களுக்குத் தெளிவானது. ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரியில்தான் திரும்பத் திறந்தது.

வதந்தி ஏன் ஜெயித்தது? நம்பும்படியாகப் பேச வேறு குரல் அவர்களுக்கு இல்லை. தினமும் காலையில் "உங்க ஹாஸ்டல்ல சாப்பாடு எப்படி இருக்கு?" என்று கேட்கிற ஒரு நிகழ்ச்சி இருந்திருந்தால், அந்த இரவில் அதன் வார்த்தையை அவர்கள் நம்பியிருப்பார்கள். காலை உணவு நேரத்து நிகழ்ச்சி என்று பெயர், காலை உணவில் என்ன இருந்தது என்று மட்டும் கேட்கவில்லை!

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். ஒன்று, டிவி வியாபாரம், விளம்பரதாரருக்கு இல்லத்தரசிதான் வேண்டும். இந்தப் பெண்கள் சம்பாதிக்கிறார்கள். சோப்பு, செல்போன், தங்கச் சீட்டு எல்லாம் அவர்களும்தான் வாங்குகிறார்கள். அவர்களை வாடிக்கையாளராகக் கூடப் பார்க்காதது வியாபார புத்தியே இல்லை. அப்படியே தனியார் சேனலை விட்டாலும், விளம்பரத்தை நம்பியே பிழைக்க வேண்டியிராத அரசுத் தொலைக்காட்சி இருக்கிறதே! பொதிகை 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று புதுப் பெயர், புது மெருகோடு வந்தது. மெருகு நல்லதுதான். கூடவே ஷிப்ட் அட்டவணை ஒன்றையும் சுவரில் மாட்டியிருக்கலாம்.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் நியாயமானது. "களைத்து வருகிறவருக்கு எதற்குப் பாடம்? ஒரு பாட்டுப் போட்டால் போதும்." உண்மை. தொழிலாளிக்கு உபதேசம் செய்யக் கிளம்பினால் டிவி-ஏஎம் கதைதான். அவர்களுக்கும் சிரிப்பு வேண்டும், பாட்டு வேண்டும், எலிப் பொம்மை கூட வேண்டும். ஆனால் அதோடு பத்து நிமிடம் போதும். ஒரகடம் கூட்டுரோட்டில் நெரிசல் எப்படி, மழை வருமா, பி.எஃப். பணத்தை எப்படி எடுப்பது, இ.எஸ்.ஐ. அட்டையை எங்கே காட்டுவது, பகலில் நன்றாகத் தூங்க என்ன வழி, நேற்று விடுதியில் என்ன சாப்பாடு. காலை நாலு மணிக்கு ஒரு தடவை, மத்தியானம் ஷிப்ட் மாறும்போது ஒரு தடவை, இரவு பத்துக்கு ஒரு தடவை. பஸ்ஸில் செல்போனில் பார்க்கிற மாதிரி சின்னதாக. கடைசியில் 'எதிரொலி' மாதிரி ஐந்து நிமிடம், அவர்கள் அனுப்பும் குரல் பதிவுகளுக்குப் பதில்.

இதற்குப் பெரிய செட் வேண்டாம். பூ வேலைப்பாடு செய்த சோபா வேண்டாம். யாருடைய நேரம் 'காலை' என்ற ஒரு கேள்வியை ஸ்டுடியோவுக்குள் யாராவது கேட்டால் போதும். நேயர் கருத்தை அறிய ஆசைப்படுகிற சேனல்காரர்கள் ஒரு நாள் விடிகாலை நாலரை மணிக்கு வாலாஜாபாத் பஸ் நிறுத்தத்தில் போய் நிற்கட்டும். கருத்துச் சொல்ல அங்கே ஆட்கள் நிறையவே நிற்கிறார்கள்.

அங்கே டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டிய அவசியமும் இருக்காது.