படம் புடிச்சாச்சு, எங்கே காட்டுவீங்க?

கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறி அத்திப்பட்டு புதுநகரில் இறங்கியிருக்கிறீர்களா? இருக்க மாட்டீர்கள். உங்களுக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் உங்கள் வீட்டு ஃபேனுக்கு அந்தப் பக்கத்தோடு ஓர் உறவு இருக்கிறது. வள்ளூர் அனல்மின் நிலையம் அங்கேதான். மத்திய அரசின் என்.டி.பி.சி.யும் தமிழ்நாடு மின்வாரியமும் கூட்டாக உருவாக்கியது. 500 மெகாவாட் அலகுகள் மூன்று.

அங்கே ஒரு டீக்கடையில் அக்கா ஒருவர் கேட்டார்: ''கேமராவத் தூக்கினு வராங்க, சாம்பலப் புடிக்கிறாங்க, ஆத்தப் புடிக்கிறாங்க, எங்களையும் நிக்க வெச்சுப் புடிக்கிறாங்க. அத்தெல்லாம் எங்க சார் காட்டுறாங்க? எங்களுக்குக் காட்ட மாட்டாங்களா?''

டீ ஆறிவிட்டது. பதில் வரவில்லை. ஏனென்றால் பதில் எனக்குத் தெரியும். சொல்லத்தான் வெட்கமாக இருந்தது.

ஒரு நகரத்தில் நவீன கலைத் திருவிழா நடத்துவது இன்று பெரிய கௌரவம். 1895-ல் வெனிஸ் தொடங்கி வைத்த பழக்கம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடப்பதால் பினாலே. நம் பக்கத்து வீட்டுக்காரர் கொச்சியில் 2012 டிசம்பர் 12-ல் ஆரம்பித்தார். சென்னையில் 2016 முதல் போட்டோ பினாலே நடக்கிறது. நல்ல விஷயம்தான். சினிமா போஸ்டரைத் தவிர வேறு படம் பார்க்க வாய்ப்பில்லாத ஊரில் யாரோ முனைந்து செய்கிறார்களே என்று நானும் கைதட்டியவன்தான்.

ஆனால் இந்தத் திருவிழாக்களுக்கு யார் தலைமை என்பது சின்ன விஷயம் இல்லை. க்யூரேட்டர் என்று அழைக்கப்படும் அந்த ஒரு ஆள், எந்தச் சுவரில் யார் படம் என்று முடிவு செய்கிறார். ஆள் மாறினால் சுவரும் மாறும். கொச்சியில் முதல் மூன்று முறையும் ஆண்கள்தான். 2018-ல் அனிதா துபே என்ற பெண் கலைஞர் பொறுப்புக்கு வந்தார். அந்த முறை கலைஞர்களில் பாதிக்கு மேல் பெண்கள்! அதுவரை இந்தப் பெண்களெல்லாம் படம் வரையாமல் சமைத்துக்கொண்டா இருந்தார்கள்? கூப்பிட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

சென்னையிலும் 2019-ல் போட்டோ பினாலேவுக்குத் தலைமை ஏற்றவர் பெங்களூரின் புஷ்பமாலா. தன்னையே விதவிதமாக வேஷம் கட்டிப் படமெடுத்துப் பேர் வாங்கிய கலைஞர். பல்கலைக்கழக செனட் ஹவுஸ், கவின் கலைக் கல்லூரி, மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டி, திருமயிலை ரயில் நிலையம் என்று படங்கள் போய் உட்கார்ந்தன. ரயில் நிலையத்தில் வைத்ததற்காக ஒரு சபாஷ். ஆனால் இந்த நான்கில் ஒன்றாவது தண்டையார்பேட்டையைத் தாண்டியதா?

பி.காம். படித்த புத்தி, எதையும் கணக்காகத்தான் பார்க்கிறது. இரட்டைப் பதிவு முறையில் ஒரு பக்கம் வரவு எழுதினால் மறுபக்கம் பற்று எழுதியே ஆக வேண்டும். கண்காட்சி கூடத்தில் படத்தின் மேல் விழுகிற வெளிச்சம் வரவு. அதன் பற்று எங்கே? கொசஸ்தலை ஆற்றில். நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சாம்பல். அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் விடுவார்கள். குழாய் கசியும். இறாலும் நண்டும் இருந்த இடத்தில் சாம்பல் படியும். வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் பற்றி 2022-ல் பசுமைத் தீர்ப்பாயமே உத்தரவு போட வேண்டி வந்தது. போதாததற்கு 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகம் முழுக்க எண்ணெய்.

''அய்யா, ஆறு செத்துக்கொண்டிருக்கிறது, அங்கே போய் ஆர்ட் எக்ஸிபிஷனா?'' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி மாதிரி தெரியும். ஆனால் அதில் ஒரு மேட்டிமை ஒளிந்திருக்கிறது. வயிறு நிறைந்தவனுக்குத்தான் கண் உண்டு என்ற நினைப்பு. ஆடி மாதம் வடக்கே எந்தக் கிராமத்துக்கும் போய்ப் பாருங்கள். வீட்டுக்கு வீடு வரி போட்டு, பந்தல் கட்டி, சீரியல் செட் தொங்கவிட்டு, விடிய விடியக் கூத்து நடத்துவார்கள். க்யூரேட்டர் கிடையாது, ஸ்பான்சர் கிடையாது. கடைசி நாள் கணக்கு மட்டும் கோயில் வாசலில் வாசிக்கப்படும்.

கலையால் என்ன ஆகும் என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. 2017 ஜனவரியில் டி.எம்.கிருஷ்ணா எண்ணூரில் நின்று பாடிய 'சென்னை புறம்போக்கு பாடல்' வந்த பிறகுதான், சென்னைக்கு ஒரு கழிமுகம் இருப்பதே பலருக்குத் தெரிந்தது. 2015-ல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் விழா நடந்தபோது பெசன்ட் நகர்க்காரர்கள் குப்பத்துக்குள் நடந்து போய் உட்கார்ந்து கேட்டார்கள். வழி இருக்கிறது. தூரம்தான் பிரச்னை. அந்தக் குப்பம் பெசன்ட் நகருக்கு நடக்கிற தூரம். வள்ளூர் ரயில் ஏறுகிற தூரம்.

அதனால் அடுத்த கலைத் திருவிழாவுக்குத் தலைமை ஏற்கப் போகிறவரிடம் மூன்றே மூன்று விண்ணப்பங்கள்.

ஒன்று, முக்கிய அரங்குகளில் ஒன்று எண்ணூருக்கு வடக்கே இருக்கட்டும். அரசுப் பள்ளியின் சுவர் போதும். திறப்பு விழாவும் அங்கேயே நடக்கட்டும்.

இரண்டு, தேர்வுக் குழுவில் அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் உட்காரட்டும். கவின் கலைக் கல்லூரிக்கு வடசென்னைப் பிள்ளைகளும் லோக்கல் ரயிலில் வந்து படிக்கிறார்கள். அவர்களைப் படத்துக்கு நிற்க வைத்தது போதும், படத்தைத் தேர்ந்தெடுக்கக் கூப்பிடுங்கள்.

மூன்று, கணக்கைக் காட்டுங்கள். 2022-ல் கொச்சி பினாலே டிசம்பர் 12-ல் திறக்க வேண்டியது, கடைசி நேரத்தில் 23-ம் தேதிக்குத் தள்ளிப்போனது. ஏற்பாடுகள் சரியில்லை என்று பங்கேற்ற கலைஞர்களே பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். தலைமை என்பது கருத்தரங்கில் பேசுவது மட்டும் இல்லை, சார். ஆணி அடித்த தச்சருக்கும் ஒயர் இழுத்த எலெக்ட்ரீஷியனுக்கும் விளக்கு அணைவதற்குள் கூலி போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதும் தலைமைதான். கோயில் வாசலில் முடிகிற காரியம் பினாலேயில் முடியாதா?

மெரினாவில் உழைப்பாளர் சிலை 1959-ல் இருந்து நிற்கிறது. ராய் சௌத்ரி வடித்த நாலு பேரும் இன்னும் பாறையை நகர்த்திக்கொண்டே இருக்கிறார்கள். நாம் அதன் பக்கத்தில் சுண்டல் சாப்பிடுகிறோம். உழைப்பவனைச் சிலையாகப் பார்க்க நமக்குப் பிடிக்கும். அவனே பார்வையாளனாக வந்து நின்று, ''இது நல்லால்ல சார்'' என்று சொன்னால்தான் சங்கடம்.

அந்தச் சங்கடத்துக்குத் துணிந்தவர் தலைமை ஏற்கட்டும். டீக்கடை அக்காவுக்கு முதல் அழைப்பிதழ் போகட்டும். அதைக் கொண்டுபோய்க் கொடுக்க நான் ரெடி. ஆறிப்போன டீக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.