கால்விரிப்பில் ஈரம்



வெயில் எரிக்கும் வன்னியில் ஓடும் வாகனத்துக்கு ஹீற்றர் எதற்கு என்று யாரும் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் எங்கள் கிரவல் வீதிகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஜீப்புகளில் பல, பனி கொட்டும் நாடுகளுக்கென்று செய்யப்பட்டவை. ஜப்பானில் பாவித்து இங்கே வந்த ஜீப்புகளில் முன்னிருக்கைக்கு ஒன்று, பின்னிருக்கைக்கு ஒன்று என இரண்டு ஹீற்றர்கள்கூட இருப்பதுண்டு. நாங்கள் அவற்றின் சுவிச்சை ஒருநாளும் தொடுவதில்லை. தொடாவிட்டாலும், எஞ்சினின் சுடுநீர் அந்தப் பெட்டியோடு தொடர்பில்தான் இருக்கிறது. அது ஒழுகத் தொடங்கினால், கவனியாமல் விட்டவருக்கு எஞ்சினே மிஞ்சாது.

பெண்களுக்கான சஞ்சிகையில் ஜீப்பின் ஹீற்றரா என்று சிலர் நினைக்கக்கூடும். இது ஆணின் வேலை, இது பெண்ணின் வேலை என்று சமூகம் வகுத்துவைத்த பிரிவினையைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் பக்கம் பக்கமாகப் படித்தோம். யுத்தம் அந்தப் பிரிவினையைக் கேட்டுக்கேள்வியில்லாமல் உடைத்துப்போட்டது. 2009 இற்குப் பின்னர் வடக்கில் கண்ணிவெடி அகற்றப் போன பெண்கள் எத்தனை பேர்! வயல் உழுபவர், முச்சக்கரவண்டி ஓட்டுபவர், கடை நடத்துபவர் என்று எங்கும் பெண்கள் இருக்கிறார்கள். வேலை கைமாறியது, அந்த வேலையோடு சேர்ந்த அறிவு மட்டும் கைமாறவில்லை. வாகனத்தின் சாவி அவள் கையில் இருந்தாலும், பொனற்றைத் திறந்தவுடன் பேசுவதெல்லாம் ஆண்களே.

இன்னொரு காரணமும் உண்டு. 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடையில் 2022 இன் பொருளாதார நெருக்கடியோடு உதிரிப்பாகங்களின் விலை தலைக்கு மேல் ஏறியது. ஆகவே இருபது, முப்பது வருடப் பழைய வாகனத்தைக் காப்பாற்றி ஓடுவதைத் தவிர எம்மவர்க்கு வேறு வழியில்லை.

ஒரு சகோதரியின் அனுபவம்

முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றில் எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி இருக்கிறார். 2009 இல் கணவரை இழந்தவர். இரண்டு பிள்ளைகளின் தாய். கடன் எடுத்து ஒரு பழைய ஜீப்பை வாங்கித் தானே ஓட்டுகிறார். மாரியில் குளம் வான் பாய்ந்தால் அந்த ஊருக்கு முச்சக்கரவண்டி வராது. வயிற்றுப்பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும், செயற்கைக்கால் மாற்றப் போகிறவர்களை ஏற்றிச் செல்வதும் அந்த ஜீப்தான்.

2023 இல் அந்த ஜீப்பில் தண்ணீர் குறையத் தொடங்கியது. காலையில் றேடியேற்றரை நிரப்பினால் மாலையில் குறைந்திருக்கும். நிலத்திலோ ஒரு சொட்டும் இல்லை. கராஜில் காட்டினார். குளிர்ந்திருந்த எஞ்சினைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வெளியே ஒழுக்கு இல்லையென்றால் எஞ்சின்தான் தண்ணீரைக் குடிக்கிறது, ஹெட் கழற்றி முழு வேலையும் செய்ய வேண்டும் என்று சொன்னார்கள். அதற்கு இலட்சக்கணக்கில் பணம் வேண்டும். நுண்கடன் வண்டியோடு வாசலுக்கு வருகிறவர்களைத் தவிர அவருக்கு அந்தப் பணத்தைத் தரக்கூடியவர் எவருமில்லை. நுண்கடனில் எங்கள் பெண்கள் பட்ட பாடு தெரிந்ததே. வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபா வரையான கடன்களை 2018 இல் அரசே தள்ளுபடி செய்ய முன்வரும் அளவுக்கு அது முற்றியிருந்தது.

இரண்டாவது கடன் எடுக்கலாமா என்று கேட்கத்தான் அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். பேச்சோடு பேச்சாக, "தங்கச்சி, இடப்பக்கத்துச் சீற்றுக்குக் கீழ கார்ப்பெற் எப்பவும் ஈரமாய்க் கிடக்குது. அதைச் சொன்னனான், ஏ.சித் தண்ணி எண்டு சொல்லிப்போட்டினம்" என்றார்.

"ஏ.சி போடுறனீங்களோ அக்கா?"

"ஏ.சி வேலை செய்து மூண்டு வருசம்."

அந்த ஒரு வசனத்தில் பாதி விடை இருந்தது. மீதி விடை அவருடைய வீட்டு நாட்காட்டியில் இருந்தது. ஒவ்வொரு நாளும் எத்தனை போத்தல் தண்ணீர் விட்டார், அன்று எவ்வளவு தூரம் ஓடினார் என்று பென்சிலால் குறித்துவைத்திருந்தார். தூரம் கூடிய நாளில் தண்ணீரும் கூடக் குறைந்திருந்தது.

தண்ணீர் போகும் வழி

எஞ்சினின் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு றேடியேற்றருக்குப் போகிறது. அங்கே ஆறித் திரும்பி வருகிறது. அந்தச் சுடுநீரில் ஒரு பங்கு இரண்டு இறப்பர் ஹோஸ்கள் வழியாக, எஞ்சினுக்கும் இருக்கைகளுக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவரைத் தாண்டி, டாஷ்போட்டுக்குள் இருக்கும் ஒரு குட்டி றேடியேற்றருக்குப் போய்வரும். விசிறி அதன்மேல் காற்றை ஊதினால் சூடான காற்று வரும். ஹீற்றர் என்பது இவ்வளவுதான்.

ஓடும்போது இந்தத் தண்ணீர் அழுத்தத்தில் இருக்கிறது. றேடியேற்றர் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது மூடி தாங்கும் அழுத்தத்தின் அளவு. 0.9 அழுத்தத்தில் தண்ணீர் ஏறக்குறைய 118 பாகை வரை கொதிக்காது. எங்கள் பிரஷர் குக்கரின் கதைதான் இதுவும். ஆகவே ஊசித்துளை அளவு ஒழுக்கு, எஞ்சின் சூடாகி அழுத்தம் ஏறியபின்தான் வேலையைக் காட்டும். குளிர்ந்த எஞ்சினைப் பார்த்து "ஒழுக்கில்லை" என்று சொல்வது, அடுப்பில் வைக்காத குக்கரைப் பார்த்து வாசர் நல்லது என்று சொல்வதைப் போன்றது.

ஒழுக்கு ஏன் வருகிறது? கூலன்ற் விடாமல் வெறும் கிணற்றுத் தண்ணீர் விடுவது முதற்காரணம். சுண்ணாம்புத்தன்மையும் உப்பும் உள்ள எங்கள் தண்ணீர் கேத்தலின் அடியில் படிவதுபோல் உள்ளே படியும்; உலோகத்தையும் அரிக்கும். ஹீற்றரைத் திறக்காமலே விடுவதால் அதற்குள் பழைய தண்ணீர் தேங்கி நிற்பது இரண்டாவது. இறப்பர் ஹோஸ் காலத்தோடு வெடிப்பது மூன்றாவது.

எந்த ஈரம் என்று அறிவது எப்படி?

கால்விரிப்பு ஈரமானால் மூன்று பேரைச் சந்தேகிக்கலாம்: மழை, ஏ.சி, ஹீற்றர்.

மழைத்தண்ணீர் மழைக்குப் பின்னரே வரும். முன்கண்ணாடியின் இறப்பர் ஓரத்தையும் கதவின் இறப்பரையும் பாருங்கள்.

ஏ.சித் தண்ணீர், ஏ.சி போட்ட நாளில் மட்டும் வரும். தெளிவாக, வாசமின்றி, ஒட்டாமல் இருக்கும். வெளியே போகும் சிறிய குழாய் அடைபட்டால் உள்ளே வழியும். குழாயைத் துப்புரவு செய்தால் சரி.

ஹீற்றர் தண்ணீர் ஓட்டத்தோடு வரும். வெள்ளைச் சீலைத்துண்டால் ஒற்றிப் பாருங்கள். கூலன்ற் விட்டிருந்தால் பச்சையோ சிவப்போ தெரியும், விரலில் வழுக்கும், இனித்த வாசம் வரும். வெறும் தண்ணீர் என்றால் துருநிறம் காட்டும். விசிறியைப் போட்டால் முன்கண்ணாடியின் உட்புறம் துடைக்கத் துடைக்கப் பிசுபிசுப்பாய் மூடும். வாயில் வைத்துச் சுவை பார்க்க வேண்டாம்.

எஞ்சினே தண்ணீர் குடிக்கிறதா என்பதற்கு வேறு அடையாளங்கள் உண்டு. சூடான பின்னரும் புகைக்குழாயில் வெள்ளைப்புகை நிற்காது. எண்ணெய் மூடியின் உட்புறத்தில் மோர் நிறத்தில் படிந்திருக்கும். எஞ்சின் ஓடும்போது றேடியேற்றரில் குமிழி விடாமல் வரும். இவற்றைப் பாராமல் ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்காதீர்கள்.

உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. றேடியேற்றர் மூடியின் இடத்தில் பொருத்தி, கையால் காற்றடிக்கும் அழுத்தமானி கராஜ்களில் இருக்கும். குளிர்ந்த எஞ்சினில், மூடியில் உள்ள எண்ணளவுக்கு அடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். முள் இறங்கினால் எங்கோ ஒழுக்கு.

அந்தச் சகோதரியோடு நானும் கராஜுக்குப் போனேன். நான் வாய் திறக்கவில்லை. நாட்காட்டித் தாளை நீட்டியவரும் பேசியவரும் அவரே. "அண்ணை, ஹெட்டைக் கழட்ட முன்னம் ஒருக்கால் காத்தடிச்சுப் பாருங்கோ" என்றார். தாளை இரண்டு தரம் வாசித்த அந்த மெக்கானிக், மறுபேச்சில்லாமல் அழுத்தமானியை எடுத்தார். சில நிமிடத்தில் முள் இறங்கியது. டாஷ்போட்டின் கீழ் கை வைத்தவரின் விரல் நனைந்தது. "பிள்ளை சொன்னது சரி" என்றார். எஞ்சினுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

திருத்தும் வழிகள்

ஒழுக்கு ஹோஸ் பொருத்தில் என்றால் கிளிப்பை இறுக்கினாலோ மாற்றினாலோ போதும். ஹோஸ் ஊதியோ வெடித்தோ இருந்தால் இரண்டு ஹோஸையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்று போனால் மற்றதும் அதே வயதுதான். பின்னிருக்கை ஹீற்றர் உள்ள ஜீப்பில், வாகனத்தின் அடியால் போகும் இரும்புக் குழாய்களையும் பாருங்கள். சேறு பட்டுத் துருப்பிடித்து அவை ஒழுகுவது வழக்கம்.

உள்ளே இருக்கும் குட்டி றேடியேற்றரே ஓட்டையென்றால் டாஷ்போட்டைக் கழற்ற வேண்டிவரும், கூலி அதிலேதான். செம்பும் பித்தளையும் கொண்ட பழையது என்றால் றேடியேற்றர் திருத்துபவர் ஈயம் வைத்து ஒட்டித் தருவார். அலுமினியம் என்றால் மாற்றுவதே நல்லது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த பாகங்கள் தேடலாம்.

அதற்கும் வசதியில்லையென்றால், எஞ்சின் பக்கத்தில் ஹீற்றருக்குப் போகும் வழியையும் திரும்பும் வழியையும் ஒரே ஹோஸால் இணைத்துவிடலாம். தண்ணீர் ஹீற்றருக்குள் போகாமல் சுற்றித் திரும்பும். இரண்டு வாயையும் ஆப்பு வைத்து அடைப்பதிலும் இது நல்லது. சில எஞ்சின்களுக்கு அந்தச் சுற்றோட்டம் தேவை. நம் சகோதரி இதைத்தான் செய்வித்தார். ஒரு ஹோஸ் துண்டு, இரண்டு கிளிப், ஒரு மணி நேரக் கூலி, புதிய கூலன்ற். இரண்டாவது கடன் தேவைப்படவில்லை. நுவரெலியா போன்ற குளிர்ப்பகுதிக்கு ஓடுபவர்கள் மட்டும் ஹீற்றரைத் திருத்தியே வைத்திருங்கள். கண்ணாடியின் பனிமூட்டத்தை நீக்க அது வேண்டும்.

ஒழுக்கை அடைக்கவென்று மஞ்சள்தூள் போடுபவர்களும், கடையில் விற்கும் தூளை விடுபவர்களும் உண்டு. வழியில் நின்றுவிட்டால் வீடு வந்துசேர உதவலாம். ஆனால் ஓட்டையை அடைக்கும் தூள் நல்ல குழாயையும் அடைக்கும். அதை வைத்தியம் என்று நம்பாதீர்கள்.

கவனிக்க வேண்டியவை

சூடான எஞ்சினின் றேடியேற்றர் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். மேல் ஹோஸைக் கையால் தாராளமாகப் பிடிக்கக்கூடிய அளவுக்கு ஆறட்டும். பிறகு தடித்த சீலை வைத்து மெதுவாகத் திறவுங்கள்.

சூடு காட்டும் முள்ளை மட்டும் நம்பாதீர்கள். தண்ணீர் மிகக் குறைந்தால், முள்ளுக்குச் செய்தி சொல்லும் உணரி தண்ணீருக்கு வெளியே நின்று பொய் சொல்லும். காலைப்பார்வைதான் உண்மை.

தண்ணீரை மாற்றியபின் உள்ளே அகப்பட்ட காற்றை வெளியேற்ற வேண்டும். ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்தபடி மெதுவாக நிரப்பி, எஞ்சினை ஓடவிட்டு, குமிழி அடங்கும்வரை விட்டு நிரப்புங்கள். கூலன்ற்றோடு கலக்கப் பற்றரிக்கு விடும் வடித்த தண்ணீரே சிறந்தது.

கூலன்ற் இனிக்கும் நஞ்சு. சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள். ஆடும் நாயும் நக்கிவிடும். குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்கவே வேண்டாம். பிள்ளை குடித்துவிட்டால் ஒரு நிமிடமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

சகோதரிகளே, ஸ்பானர் பிடிப்பதா இல்லையா என்பது உங்கள் விருப்பம். ஆனால் உங்கள் வாகனத்தில் எங்கே ஈரம், எப்போது ஈரம், எவ்வளவு குறைந்தது என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் எவருமில்லை. அதைத் திகதியோடு எழுதிவைத்து, கராஜில் முதலில் அதையே சொல்லுங்கள். என்ன சோதனை செய்தார்கள், என்ன கண்டார்கள் என்று கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் தரச் சொல்லுங்கள். இப்படிக் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. காசு கொடுப்பவர் நீங்கள். கராஜுக்குப் போகும்போது வளர்ந்த மகள் இருந்தால் அவளையும் கூட்டிச் செல்லுங்கள். பொனற் திறக்கும்போது அவளும் எட்டிப் பார்க்கட்டும்.